முக்காட்டுக்குள் விசில்

போன வெள்ளிக்கிழமை திரைக்குப் பின்னால் இருந்து மர்ளியா சொன்ன ‘ஓம்’, இந்த வெள்ளிக்கிழமை அவளுடைய மகளைக் கொண்டுபோக வருகிறது.

அன்று ஜும்ஆ முடிந்த கையோடு மச்சான் உசனார் புத்தளத்திலிருந்து வந்திருந்தார். அவர் மர்ளியாவின் கணவன் ஹாசிமின் நானா, மூத்தவர். ஹாசிம் கண்டக்குழிக் கரையில் ஒரு போட் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவன்தான், பிறகு எழவில்லை. அவனுக்கு நாற்பதாம் நாள் கத்தமும் ஓதி முடிந்திருந்தது. மர்ளியா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்க வேண்டும், அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரக்கூடாது. அதனால் மச்சான் ஹோலில் கதிரையில் இருந்து பேச, அவள் அறை வாசலில் தொங்கிய பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் பாயில் இருந்து கேட்டாள்.

கேட்டாள் என்பது பேச்சுக்குத்தான். சின்ன வயதுக் காய்ச்சலோடு போன காது. இரண்டு காதிலும் மெஷின் போட்டிருந்தாலும், பாதிக்கு மேல் அவள் விளங்கிக்கொள்வது உதட்டைப் பார்த்துத்தான். திரைக்கு உதடு இல்லை. மச்சானின் குரல் ஒரு நீண்ட முனகலாக வந்துகொண்டிருந்தது. ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து, அவர் நிறுத்திய இடங்களில் எல்லாம் ஓம், ஓம் என்றாள். விளங்காத பேச்சுக்கு ஓம் போடுவது அவளுக்குச் சிறுவயதிலேயே ஒட்டிக்கொண்ட பழக்கம். திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டால் எதிரில் இருப்பவரின் முகம் எப்படிக் கோணும் என்பதைப் அவள் பள்ளிக்கூடத்தில்தான் முதலில் படித்தாள்.

மச்சான் போன பிறகு மகள் மர்ஷூதா உள்ளே வந்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை. அழவில்லை. தாய் வாசிக்கும்படி உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டாள்.

“உம்மா, என்னை ஏன் குடுத்தீங்க?”

அப்போதுதான் கதை வெளியே வந்தது. பிள்ளை இனிப் பெரியவாப்பா வீட்டில் இருந்து புத்தளத்தில் படிக்கட்டும் என்று மச்சான் கேட்டிருக்கிறார். தாய் ஓம் என்றிருக்கிறாள். அடுத்த வெள்ளி பள்ளிவாசல் தலைவரையும் கூட்டிவந்து, அவர் முன்னிலையில் அந்தச் சம்மதத்தை இன்னொருமுறை கேட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு அவர் போயிருக்கிறார்.

மர்ளியா முதலில் மாமியிடம்தான் போனாள். மாமி ஹாசிமுக்கும் உசனாருக்கும் தாய். இருப்பது இந்த வீட்டில்தான். நீங்கள் சொல்லிவிடுங்கள், அவளுக்கு அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். மாமி வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்துவிட்டு, அவள் முகத்துக்கு நேரே திரும்பினார்.

“காது கேக்காத பொம்புளை தனியா எப்படிப் புள்ள வளக்கிற எண்டுதானே அவன் கேக்கிறான். ஒனக்குக் கேக்கல்ல எண்டு நான் போய்ச் சொன்னா, அவன்ட பக்கம் நான் சாட்சி சொன்ன மாதிரி ஆகாதா? நீ கேக்கணும். கேட்டு நீயே பதில் சொல்லணும்.”

தான் பதிலை எழுதிக் கொடுத்தாலும் அதே கதைதான் என்று மர்ளியாவுக்கு விளங்கியது.

மருந்துக்காக என்றால் இத்தாவிலும் வெளியே போகலாம், அதற்கு ஆலிமின் அனுமதி இருந்தது. ஆனால் மெஷினைத் திருத்தப் போய் என்ன செய்ய? அந்த மெஷின்கள் கட்டாரிலிருந்து ஹாசிமின் கூட்டாளி அனுப்பியவை, யாரோ பாவித்துக் கழித்தவை. தங்களிடம் வாங்காத மெஷினைத் தொடமாட்டோம் என்று கொழும்பில் இரண்டு இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் ஹாசிம் தானே படித்தான். மெஷினை லெப்டொப்போடு இணைக்க, கழுத்தில் மாட்டும் ஒரு சின்னப் பெட்டியை எங்கோ பழையதாக வாங்கினான். லெப்டொப்பில் சொஃப்ட்வெயாரைப் போட்டான். எஞ்சினுக்குக் காது வைத்துக் கேட்பவன், மனைவியின் காதுக்கும் எஞ்சின் பார்ப்பதுபோலவே பார்த்தான். அவள் எதிரில் இருந்து கேக்குது, கேக்கல்ல என்று சொல்ல, அவன் திரையில் கோடுகளை ஏற்றி இறக்குவான்.

அவனுடைய வேலையில் ஒரு பிழை இருந்தது. அதை அவள் இந்தக் கிழமைதான் கண்டுபிடித்தாள். முக்காடு போட்டால் துணி மெஷினில் பட்டு விசில் அடிக்கும். காதுக்குள் போகும் சத்தம் கசிந்து வெளியே வந்து, துணியில் மோதி, மெஷினின் வாய்க்குள்ளேயே திரும்பப் போவதால் வருவது அது. கலியாண வீட்டில், பயான் கூட்டத்தில், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் வெட்கப்படுவதைப் பார்த்து ஹாசிம் கீச்சுச் சத்தங்களின் கோடுகளை எல்லாம் கீழே இறக்கிவிட்டான். விசில் நின்றது. கூடவே ச, த, ப, க எல்லாம் ஒரே காற்றாகிப் போயின. அது அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவன் எப்போதும் அவள் முகத்துக்கு நேரே நின்றுதான் பேசினான்.

வெள்ளி காலை, மர்ஷூதாவைக் குசினி அடுப்படியில் இருத்திவிட்டு, மர்ளியா அறைக் கதவைச் சாத்தினாள். லெப்டொப்பின் பெட்டரி வீங்கிப் போய் எப்போதோ கழற்றி எறிந்தாயிற்று. கரண்டில் மட்டும் வேலை செய்யும். பெட்டியைக் கழுத்தில் மாட்டினாள். திரையில் ஹாசிம் கடைசியாகச் சேமித்த கோடுகள் வந்தன. இரண்டு மலைகளும் ஒரு பள்ளமும் போல. அவள் அதை அழிக்கவில்லை. பக்கத்தில் புதியதொன்றைத் திறந்தாள்.

முதலில் காதை அளக்க வேண்டும். மெஷினே ஒவ்வொரு சத்தமாகக் காதுக்குள் விடும், கேட்டால் ஒரு விசையை அழுத்த வேண்டும். தடித்த சத்தங்கள் இலகுவாக வந்தன. மெல்லியவை வரும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அதன் நடுக்கம் சுவர் வழியே வந்தது. எது மோட்டார், எது மெஷின் என்று தெரியாமல் இரண்டு இடத்தில் பிழையாக அழுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அளந்து முடித்தபோது, ஹாசிம் பாவித்த பழைய அளவைவிடக் காது இன்னும் இறங்கியிருந்தது தெரிந்தது.

அதன் பிறகு விசில் சோதனை. அதை ஹாசிம் எப்போதும் அவளை முக்காடு இல்லாமல் இருத்தித்தான் செய்தான். இவள் வெள்ளை முக்காட்டை இழுத்துப் போர்த்தி, துணி மெஷினில் நன்றாகப் படும்படி வைத்துக்கொண்டு செய்தாள். காதுக்குள் இரைச்சல் கொட்டியது. ஓட்டை வைத்த மெல்லிய ரப்பர் மூடியைக் கழற்றி, ஓட்டை இல்லாத கனத்த மூடியைப் போட்டு மறுபடி செய்தாள். இந்த முறை திரையில் சிவப்பாக இருந்த இடம் சுருங்கியது. கசிவு குறைந்துவிட்டது. கீச்சுக் கோடுகளை மேலே ஏற்ற இடம் கிடைத்தது. ஏற்றினாள். எல்லாவற்றுக்கும் மேலே ஓடிய உச்ச வரம்புக் கோட்டை மட்டும் அவள் தொடவில்லை. அதைக் கூட்டினால் மிச்சக் காதையும் தின்றுவிடும் என்று ஹாசிம் பயந்த கோடு அது.

புதிய கோடுகளை இடது மெஷினுக்குள் எழுதும்படி கட்டளை கொடுத்தாள். நீலப் பட்டை பாதி நகர்ந்தபோது மின்விசிறி வேகம் குறைந்து நின்றது. திரை கறுத்தது.

கரண்ட் போய்விட்டது.

இடது மெஷினைக் கழற்றி, பெட்டரியை எடுத்துப் போட்டு, மறுபடி மாட்டினாள். ஒன்றும் இல்லை. தட்டிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள். கல்லைக் காதில் வைத்ததுபோல் இருந்தது. எழுதும்போது நடுவில் அறுந்தால் மெஷின் செத்துப்போகலாம் என்று எச்சரிக்கை வரும்போதெல்லாம் ஹாசிம் அதை வாசிக்காமலே தள்ளிவிடுவான். இவள் இன்றைக்கு வாசித்துத்தான் தள்ளினாள்.

மாமி கதவைத் திறந்து, பள்ளியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கிவிட்டது என்று கையால் காட்டினார். தொழுகை முடிந்தால் வந்துவிடுவார்கள்.

வலது மெஷின் பழைய கோடுகளோடு உயிரோடு இருந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டால் முனகலாவது கேட்கும். கரண்ட் வந்து, அதற்கும் எழுதப்போய், மறுபடி அறுந்தால் இரண்டு காதும் கல். அவள் பாயில் இருந்தபடி நின்றுபோன விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முனகலை வைத்து என்ன செய்வது? போன கிழமை கேட்டதும் முனகல்தானே. முனகலுக்குத்தானே ஓம் சொன்னாள்.

விசிறி ஒருமுறை உதறிவிட்டுச் சுழலத் தொடங்கியது. அவள் லெப்டொப்பை முடுக்கினாள். அது திறக்கும் வரை வாய்க்குள் ஓதிக்கொண்டே இருந்தாள். இடது மெஷினைத் தேடச் சொன்னாள், காணவில்லை என்றது. மறுபடி தேடச் சொல்ல நேரம் இல்லை. வலது காதின் கோடுகளை ஏற்றி, கனத்த மூடியைப் போட்டு, எழுது என்று அழுத்தினாள். நீலப் பட்டை நகர்ந்தது. பாதியைத் தாண்டியது. விசிறியின் வேகம் குறைகிறதா என்று பார்த்தாள். குறையவில்லை. முடிந்தது என்று எழுத்து வந்தபோது மவுஸ் கை வேர்வையில் வழுக்கியது.

மெஷினைப் போட்டாள். முக்காட்டுத் துணி உரசுவது மணல் சரிவதுபோல் கேட்டது. தன் மூச்சே கூர்மையாக இருந்தது. மாமியைக் கூப்பிட்டு, திரைக்கு அந்தப் பக்கம் மச்சான் இருக்கும் கதிரையில் இருந்து எதையாவது பேசும்படி கேட்டாள்.

மாமிக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. இண்டைக்கு மீன் விளைமீன் என்றார். வெயில் கடுமை என்றார். மர்ளியா இரண்டையும் திருப்பிச் சொன்னாள். பிறகு, இது உள்ளே போகாது என்ற நம்பிக்கையில் சொல்வதுபோல், தணிந்து வந்தது.

“இந்தப் புள்ளையும் போனா, இந்த வீட்டில நான் ஆரோட கதைக்கிற?”

மர்ளியா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. கேட்டதா என்று மாமியும் கேட்கவில்லை.

வாசலில் வாகனம் நின்றது. இரண்டு பேர் உள்ளே வந்து ஸலாம் சொன்னார்கள். மாமி திரைக்கு இந்தப் பக்கம் வந்து மருமகளின் பக்கத்தில் இருந்தார்.

மச்சானின் குரல் இப்போது சொற்களாக வந்தது. சில இடங்களில் தேய்ந்தாலும் சொற்கள்தான். தம்பியின் பிள்ளை தன் பிள்ளை என்றார். தன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நடக்கும் தூரம் என்றார். போன கிழமை தங்கச்சி சம்மதித்ததைத் தலைவரும் ஒருதரம் கேட்டுக்கொள்ளட்டும் என்றார்.

“மச்சான், போன கிழமை எனக்கு ஒண்டும் கேக்கல்ல,” என்றாள் மர்ளியா. “கேக்காமத்தான் ஓம் எண்டன். அது என்ட பிழை. புள்ளைய நான் அனுப்பமாட்டன்.”

ஹோலில் கதிரை நகர்ந்தது. மச்சான் தலைவரிடம் சொன்னார், இதைத்தான் தான் சொல்லிக்கொண்டிருப்பதாக. ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்கிறோம் என்றே தெரியாத தாய். நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்று என்றால் யார் கேட்பது?

அந்த நேரம் பார்த்து அவள் தலையைத் திருப்பினாள், துணி மடிந்து மெஷினில் அழுந்தியது. விசில் எழுந்தது. நீளமாக, கூர்மையாக, வீடு முழுவதும்.

“என்ன சத்தம் அது?” என்றார் மச்சான்.

“என்ட காது,” என்றாள்.

விசில் நிற்கவில்லை. அதற்குள் ஹோலில் பேசப்பட்ட எதுவும் அவளுக்கு வரவில்லை. துணியை இழுத்தாள், அது இன்னும் அழுத்தியது. ஆண்கள் வீட்டுக்குள் இருக்க முக்காடு விலகக்கூடாது. மாமி பக்கத்தில் இருக்கிறார். மர்ளியா முக்காட்டின் வலது பக்கத்தைப் பிடித்து, காதுக்குப் பின்னால் தள்ளிச் செருகினாள். காது வெறுமையாக வெளியே நின்றது. விசில் அறுந்தது. மாமி அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து, திரை விலகாதபடி அதன் ஓரத்தை வாசல் நிலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்போது பேசியது தலைவர் ஹயாத்து முகம்மது. வயதான, தணிந்த குரல். மழை நாளில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டி வருவது என்று கேட்டார். பக்கத்து வீட்டுத் த்ரீவீல் என்று சொன்னாள். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்? பிள்ளை தன்னோடு ஒரே பாயில்தான் படுக்கிறாள், சூடு தெரியக் காது தேவையில்லை என்றாள். அவர் அடுத்ததை இன்னும் தணித்துக் கேட்டார். அதற்கடுத்ததை இன்னும் தணித்து. அவர் வேண்டுமென்றுதான் குரலை இறக்குகிறார் என்று அவளுக்கு விளங்கியது. நெற்றியில் வேர்வை இறங்கியது. ஒவ்வொரு சொல்லையும் முள் எடுப்பதுபோல் எடுத்துப் பதில் சொன்னாள்.

பிறகு ஒரு கேள்வி வந்தது. வந்தது என்று மட்டும் தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. கடைசியில் குரல் ஏறியதால் கேள்விதான். எல்லாரும் காத்திருந்தார்கள். நாக்கின் நுனியில் பழைய ஓம் வந்து நின்றது.

“கேக்கல்ல,” என்றாள். “திரும்பச் சொல்லுங்க.”

திரையைப் பிடித்திருந்த மாமியின் கை இறுகியது.

தலைவர் திரும்பச் சொன்னார், இந்த முறை சாதாரணக் குரலில். கேக்காட்டி என்ன செய்வீங்க எண்டுதான் கேட்டேன் மகள், என்றார்.

“இப்படித்தான் செய்வன்,” என்றாள் மர்ளியா.

அவர் சிரித்தாரா, செருமினாரா என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. உசனாரிடம் அவர் சொன்னது மட்டும் தெளிவாக வந்தது. தாய் வேணாம் எண்டு சொல்றா. தெரிஞ்சுதான் சொல்றா. நான் அதைத்தான் கேட்டேன்.

தான் பிள்ளையைப் பறிக்க வரவில்லை என்றார் மச்சான். அந்தக் குரலில் ஹாசிமின் குரலில் இருந்த ஒரு கரகரப்பு இருந்தது. அண்ணன் தம்பிக்கு ஒரே தொண்டை. இத்தனை வருடத்தில் அவள் அதை இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

“தெரியும் மச்சான்,” என்றாள்.

தலைவர் ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். மாமி திரையை விட்டுவிட்டு ஹோலுக்குப் போனார். அவரும் மகனும் ஏதோ பேசிக்கொள்வது கேட்டது. மர்ளியா முக்காட்டைச் சரிசெய்யாமல் அப்படியே இருந்தாள். இடது காது கல்லாகத்தான் இருந்தது. பின்னேரம் அதை மறுபடி தேடிப் பார்க்க வேண்டும்.

குசினியிலிருந்து மர்ஷூதாவின் குரல் வந்தது. முகம் இல்லாமல், குரல் மட்டும்.

“உம்மா, பெரியவாப்பா சாப்பிட்டுட்டுத்தான் போவாராம். மீன் எல்லாருக்கும் காணுமா?”