படகோட்டியின் மூன்றாவது குரல்

கூட்டத்தில் கையைத் தூக்கிய பெண் யாரென்று மத்வேய் சாவிச் கிராபினுக்கு முதலில் தெரியவில்லை. வசீலியெவ்ஸ்கி தீவின் பண்பாட்டு மாளிகையில் உட்கார இடமில்லாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள். 1989ஆம் ஆண்டு பிப்ரவரி. வாக்குச்சீட்டில் முதல் முறையாக ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வரப்போகிற தேர்தல். எதிராக நிற்பவர் ஒரு தொழிற்சாலை நிர்வாகி. மத்வேயிடம் தொழிற்சாலை இல்லை. அவர் இயக்கி, தடை செய்யப்பட்ட படம் ஒன்று இருந்தது. பதினேழு வருஷம் அலமாரியில் கிடந்து, போன கோடையில்தான் தடை நீங்கிய படம்; இன்னும் எந்த அரங்கிலும் போடவில்லை. எல்லாக் கூட்டத்திலும் சொல்கிற வாக்கியத்தோடுதான் அன்றும் பேச்சை முடித்தார்.

"அந்தப் படத்துல ஒரு ஃபிரேமைக்கூட நான் விட்டுக்கொடுக்கல."

கைதட்டல் அடங்கியதும் அந்தப் பெண் எழுந்தாள்.

"என் பேரு தயீசியா பரதூலினா. உங்க படத்துல படகோட்டியா நடிச்சது எங்கப்பா. ரேடியோவுல அவர் பேசினது எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க. வீட்டுலயும் ஒண்ணும் இல்ல. படத்துல வர்றது அவரோட குரல்தானா?"

அரங்கம் முழுக்க மத்வேயைப் பார்த்தது. அவள் அப்பா யெவ்சேய் பரதூலினின் நெற்றியும் தாடையும் அப்படியே அவள் முகத்தில் இருந்தன.

"அவரோட குரல்தான், தயீசியா யெவ்சேயெவ்னா," என்றார். "தேர்தலுக்கு முந்தின நாள் இதே அரங்குல படத்தைப் போடுறோம். உங்களுக்கு மட்டும் அதுக்கு முன்னாலயே போட்டுக் காட்டுறேன். வெள்ளிக்கிழமை ஸ்டூடியோவுக்கு வாங்க."

கைதட்டல் முன்னைவிடப் பலமாக எழுந்தது.

அந்தக் காலத்தில் நடிகர்கள் படப்பிடிப்பில் பேசுவது அப்படியே படத்தில் வராது. கேமரா தையல் மெஷின் மாதிரி சத்தம் போடும். அதனால் படம் எடுத்து முடிந்த பிறகு காட்சியைச் சின்னத் துண்டாக வெட்டி, தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்குவார்கள். அந்த வளையம் திரையில் திரும்பத் திரும்ப ஓடும். நடிகர் இருட்டறையில் நின்று, தன் உதட்டோடு தன் குரல் ஒட்டும்வரை பேசிக்கொண்டே இருப்பார். குரல் காந்த நாடாவில் பதிவாகும். இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி உண்டு. ஒருவருடைய முகத்தின் மேல் இன்னொருவருடைய குரலை வைக்கலாம், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

1971இல் படம் முடிந்த சமயம், சிறைக்குப் போன சிலருக்கு ஆதரவான கடிதம் ஒன்றில் யெவ்சேய் கையெழுத்துப் போட்டார். முகத்தை எடுத்தால் படமே இல்லை. குரலையும் பெயரையும் எடுத்துவிட்டால் படம் பிழைக்கும் என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். மத்வேய் எடுத்தார். ஒரு ஃபிரேமைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை என்பது அந்த அளவுக்கு உண்மை. பிறகு எப்படியும் படத்தைப் பூட்டினார்கள். மத்வேய் உருக்காலைகளைப் பற்றி மூன்று படங்கள் எடுத்து அரசுப் பரிசு வாங்கினார். யெவ்சேய் ஒரு குளியல் இல்லத்தின் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போட்டு, அங்கேயே செத்துப்போனார்.

ஒலிப்பதிவாளர் அக்லாயா பெத்ரோவ்னாவின் அறையில் மறுநாள் படகோட்டியின் வசனம் பதிவான நாடாச் சுருள் ஓடியது. அக்லாயா மத்வேயோடு ஏழு படங்கள் செய்தவள்.

"இனிமே உங்களை மரியாதையாக் கூப்பிடணுமா, வேட்பாளரே?"

"விளையாடாதே, அக்லாயா. போடு."

வேறொரு நடிகரின் கனமான, அழகான குரல் ஒலித்தது. "ஏறாதவங்களுக்காகவும் கொஞ்ச நேரம் நிப்பேன். அப்புறம் கிளம்பிடுவேன்."

"இது நம்ம ஊர் முழுக்கத் தெரிஞ்ச குரல்," என்றான் எடிக். கணித விரிவுரையாளன், மத்வேயின் தேர்தல் வேலையைத் தானாக வந்து இழுத்துப் போட்டுக்கொண்டவன். "அந்தப் பொண்ணுக்கு முதல் வார்த்தையிலயே தெரிஞ்சிடும்."

"வாயை மூடிக்கிட்டுக் கேளு." அக்லாயா சத்தத்தைக் கூட்டினாள்.

இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே இருந்த மௌனத்தில் மழை போல ஓர் இரைச்சல். அதற்கு அடியில், பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து வருவது மாதிரி, இன்னொருவர் பேசிக்கொண்டிருந்தார். "...கொஞ்ச நேரம் நிப்பேன்." யெவ்சேய் எப்போதும் நிதானமாகப் பேசுவார். புதிய குரல் முடித்த பிறகும் அவருடைய வாக்கியம் முடிந்திருக்கவில்லை. அதன் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மத்வேய் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி?" என்றான் எடிக்.

அக்லாயா நிதானமாகச் சொன்னாள். "நாடா வெளிநாட்டுலேர்ந்து வரணும், எப்பவும் பஞ்சம். அதனால பழசை அழிச்சிட்டு அதுலயே பதிவோம். அழிக்க அந்த மூலையில மேசை இருக்கு பாரு, உள்ள பெரிய காந்தச் சுருள். மின்சாரத்தைப் போட்டு, சுருளை மேல வெச்சு மெதுவாச் சுத்தணும். அப்புறம் கையை நீட்டி இன்னும் மெதுவாத் தள்ளிக் கொண்டுபோகணும். தூரமாப் போனதுக்கு அப்புறம்தான் ஸ்விட்ச். அவசரப்பட்டுப் பக்கத்துல இருக்கும்போதே நிறுத்தினா, பழைய குரல் அங்கங்க ஒட்டிக்கும்."

"யார் அவசரப்பட்டது?"

அவள் நாடாவைப் பின்னுக்குச் சுற்றினாள். மத்வேயைப் பார்க்கவில்லை. தன் நண்பனை வேறு யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, அந்த மேசை முன் நின்றவர் மத்வேய்தான். மேசையின் உறுமலை அவரால் தாங்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஸ்விட்சை இறக்கிவிட்டு ஓடியிருந்தார்.

"இதையே அவளுக்குப் போட்டுக் காட்டுங்க," என்றாள் அக்லாயா.

"மேல இருக்கிற குரல் யாரோடதுன்னு கேப்பாளே," என்றான் எடிக். "யார் மாத்தினதுன்னு அடுத்து கேப்பா. அதோட தேர்தல் முடிஞ்சுது. புதுசாப் பேசி வெச்சிடலாம். யாராவது பரதூலின் மாதிரி பேசறவங்க கிடைப்பாங்களா?"

மத்வேய் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நான் பேசுவேன்," என்றார் மத்வேய்.

கல்லூரி விடுதியில் இருவரும் ஐந்து வருஷம் ஒரே அறையில் இருந்தவர்கள். கதவுக்கு வெளியே நிற்கும் காவல்காரியிடம் ஒருவன் குரலில் மற்றவன் பதில் சொல்லுவான். யெவ்சேயின் குரல் தொண்டையில் எந்த இடத்தில் இருக்கிறதென்று அவருக்குத் தெரியும்.

அக்லாயா எழுந்தாள். "ஸ்டூடியோவுல வெத்து நாடா ஒரு முழம்கூட இல்ல. இதை அழிச்சாத்தான் இதுல பதிய முடியும். முதல்ல ஒரு காப்பி எடுத்துக்கறேன், வீட்டு நாடாவுலயாவது."

"காப்பின்னா ஆதாரம்," என்றான் எடிக்.

அவள் மத்வேயின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அவர் தலையசைத்து மறுத்தார்.

"அப்போ அழிக்கறதுல என் கை படாது. இந்தத் தடவையாவது மெதுவா எடு, மத்வேய்."

மெதுவாகத்தான் எடுத்தார். சுருளைப் பொறுமையாகச் சுற்றி, கை நோகும்வரை நீட்டி, சுவர் இடிக்கும்வரை பின்னால் நடந்து போனார். எடிக் ஸ்விட்சை நிறுத்தினான். பிறகு நாடாவை ஓட்டிப் பார்த்தார்கள். மழைகூட இல்லை.

பேசும் அறைக்குள் நுழையும்போது வசனத் தாள் அவர் கையிலிருந்து நழுவியது. வசனத் தாள் விழுந்தால் கெட்ட சகுனம், மேலே உட்கார்ந்து எழுந்தால்தான் தோஷம் போகும் என்பது அங்கே நடிகர்களின் நம்பிக்கை; பழக்கம் விடவில்லை, கீழே விழுந்த தாளின் மேல் ஒரு தரம் உட்கார்ந்து எழுந்து, பிறகுதான் கையில் எடுத்தார். எடிக் சிரித்தான். கண்ணாடிக்கு அப்பால் கடமைக்குப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்த அக்லாயா சிரிக்கவில்லை.

வளையம் சுழன்றது. திரையில் யெவ்சேய் துடுப்பை ஊன்றிக்கொண்டு வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் முதலிலிருந்து திறந்தார். ஐந்தாறு சுற்று மத்வேய் தேடிக்கொண்டிருந்தார். பிறகு குரல் வந்தது. மத்வேய் பேசிய மாதிரியே இல்லை. தொண்டைக்குள் யாரோ இடம் மாறி உட்கார்ந்தது போல இருந்தது. அக்லாயா காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை தயீசியா வந்தாள். இரண்டு தடவை கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நன்றி, மத்வேய் சாவிச்," என்றாள். தேர்தலுக்கு முந்தின நாள் படம் முடிந்ததும் மேடையேறி, அப்பா பெயர் மறுபடியும் திரையில் வந்ததற்காக நன்றி சொன்னாள். மத்வேய் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

மக்கள் பிரதிநிதிகள் வாரத்தில் ஒரு நாள் தொகுதிக்காரர்களைச் சந்திக்க வேண்டும். கூரை ஒழுகுகிறவர்கள், தண்ணீர்க் குழாய் வெடித்தவர்கள், ஒற்றை அறையில் மூன்று தலைமுறை வசிப்பவர்கள் என்று வாசலில் வரிசை நிற்கும். ஜூன் மாதத்தில் ஒரு நாள், கூரைக்கார அம்மாவுக்கு அடுத்து தயீசியா உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"வீட்டுப் பிரச்சினையா?"

"இல்ல. படத்துல பேசினது எங்கப்பா இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். விடுதியில நீங்க அவர் குரல்ல பேசின கதையை அப்பா சொல்லியிருக்கார்."

மத்வேய் பேனாவைக் கீழே வைத்தார்.

"குரல் அவரோடதுதான்," என்றாள். "ஆனா எங்கப்பா பயந்து பேசி நான் கேட்டதே இல்ல."

"தெரிஞ்சும் ஏன் மேடையில..."

"அவர் பேரை ஜனங்க படிச்சாங்க. அது போதும்னு நினைச்சேன். போதல." கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். "உண்மையைச் சொல்லுங்க. நிஜமானது எங்கேயாவது இருக்கா? ஒரு வார்த்தை?"

பிப்ரவரி வரைக்கும் இருந்தது.

"இல்ல," என்றார்.

அவள் தலையசைத்தாள். எதிர்பார்த்த பதில்தான் போலிருக்கிறது.

"மாஸ்கோ மாநாட்டுல மனசாட்சியைப் பத்தி நீங்க பேசினதை டிவியில காட்டினாங்க. அது உங்க சொந்தக் குரல். அணைச்சிட்டேன். எனக்கு அது வேண்டாம்." நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டாள். "அப்போ உலகத்துல மிச்சம் இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். பேசுங்க."

"என்ன பேசறது?"

"என் பேரைச் சொல்லுங்க. வீட்டுல தாஸ்யான்னு கூப்பிடுவார்."

கதவுக்கு வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். மறுக்கலாம். காரியதரிசியைக் கூப்பிடலாம். அவர் தொண்டைக்குள் அந்த இடத்தைத் தேடினார். தேடவே வேண்டியிருக்கவில்லை.

"தாஸ்யா," என்றது குரல்.

அவள் கண்ணிமை ஆடியது. வெளியே நின்றவர் பொறுமையிழந்து கதவைத் தட்டினார்.

"பயப்படாம சொல்லுங்க," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "மறுபடியும்."