மன்னித்த மாமா

லிப்ட் பழுது பார்ப்பவர்களுக்கு உயிரான விதி ஒன்றே ஒன்றுதான். லிப்ட்டின் கூரைமேல் ஏறி நிற்பவன் தன் வாயால் "போடு" என்று கத்துகிறவரை மெயின் சுவிட்சை எவனும் தொடக்கூடாது. மாமாக்காரன் துரை தொட்டான். எட்டாவது மாடிச் சீமாட்டிக்கு சோபா மேலே போக வேண்டுமாம், கட்டட மேனேஜர் போனில் குதிக்கிறாராம். எந்தக் குரலும் வரவில்லை. வந்ததாகத் தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்ளக்கூட அவனுக்கு வழியில்லை. மேலே நின்றவர் அவனுடைய அக்கா புருஷன். நசுங்கிச் செத்தார்.

விசாரிக்க வந்தவர்களிடம் துரை, "ஏதோ கோளாறு, தானாக் கிளம்பிருச்சு சார்" என்று உளறினான். கேட்டவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். ஆனால் அக்கா கேட்பாளே? அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அந்தப் பயத்தோடுதான் வீட்டுக்குள் நுழைந்தான்.

அங்கே அவனைக் காப்பாற்றவென்றே ஒரு புண்ணியவதி உட்கார்ந்திருந்தாள். செத்தவரின் தங்கை, குட்டியின் அத்தை.

செத்தவரின் மகள் குட்டிக்கு எட்டு வயது. அன்று காலை பள்ளி நாடகத்தில் அவளுக்குத் தவளை வேஷம். அப்பாவுக்கோ லீவு கிடைக்கவில்லை. பச்சைச் சாயம் பூசிய முகத்தோடு வாசலில் நின்று, "அந்த லிப்ட்டு உடைஞ்சு விழட்டும்! நீங்க இனிமே வேலைக்கே போக முடியாம போகட்டும்!" என்று காலை உதைத்துக் கத்தினாள். "போனா நல்லதாப் போச்சு, ஒரு மாசம் குறட்டை விட்டுத் தூங்குவேன்" என்று அப்பா சிரித்துக்கொண்டே கிளம்பினார். எந்த வீட்டுப் பிள்ளைதான் இப்படிக் கத்தவில்லை? அதெல்லாம் பலித்தால் ஒரு பள்ளிக்கூடம் மிஞ்சுமா, ஒரு கணக்கு வாத்தியார் உயிரோடு இருப்பாரா?

அத்தைக்காரிக்கு அந்த அறிவெல்லாம் எங்கே இருக்கிறது? "காலைலயே சொன்னாளே, என் காதாலே கேட்டேனே! நாக்கை நீட்டுடி!" என்று குழந்தையின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். நாக்கின் நடுவில் ஒரு கரும்புள்ளி.

"பாருங்க, நல்லாப் பாருங்க! கருநாக்கு! பெத்த அப்பனையே முழுங்கிட்டா!"

அது பேனா மை. மூலையில் தனியாக உட்கார்ந்து அழுதபடி பேனாவைக் கடித்திருக்கிறாள். உதட்டு ஓரத்திலும் அதே மை. மாமாக்காரன் அதைப் பார்த்தான். நேற்றுகூட, "பேனாவைக் கடிக்காதேடி" என்று அதட்டியவன் அவன்தான். வாயைத் திறந்தான். எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"என்னத்தைச் சொல்ல?" என்றான். "சுவிட்சுப் பக்கம்கூட யாரும் போகலை. மெஷின் தானாத்தான் கிளம்புச்சு."

அடப்பாவி! அந்த நிமிஷம் அவனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அக்கா அவனைப் பார்க்கவேயில்லை, மகளைத்தான் பார்த்தாள். மடியில் ஏற வந்த குழந்தையைக் கையால் தள்ளிவிட்டாள்.

மறுநாள் காலை குளியலறைக்குள்ளிருந்து விடாமல் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மாமாக்காரன் கதவைத் தள்ளிப் பார்த்தான். குட்டி பிரஷ்ஷால் நாக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நுரையெல்லாம் ரத்தம்.

"மாமா, போயிடுச்சா பாருங்க."

"போயிடுச்சு."

"அப்ப அப்பா வந்துருவாரா?"

சுவிட்சைப் போட்டது நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். வெளியே அக்காவின் இருமல் கேட்டது. அவன் கதவைச் சாத்திவிட்டு, குழந்தைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"அழாதே கண்ணு. நீ வேணும்னா சொன்னே? மாமா உன்னை மன்னிச்சுட்டேன்."

மன்னித்தானாம், மகராசன்! குட்டி அதை நம்பினாள். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மாவையும் மன்னிக்கச் சொல்லுங்க மாமா" என்று கெஞ்சினாள்.

சொல்கிறேன் என்றான்.