404-க்கு ஒரு மாற்றுச் சொல்

தங்கப்பாண்டியனின் பட்டாசு விற்பனை அலுவலகத்தில் எவரும் 'இல்லை' என்று சொல்வதில்லை. இந்த விதி எங்கும் எழுதப்படவில்லை. வேலைக்குச் சேர்பவரிடம் எடுத்துரைக்கப்படுவதும் இல்லை. அந்தச் சொல் காதில் விழுந்தால் கடையில் சரக்குத் தங்காது என்பது நம்பிக்கை. ஆகவே தீர்ந்துபோன எதைக் கேட்டாலும் 'வருது' என்பார்கள். கேட்பவர் ஏமாறுவதில்லை; பொருள் சொல்லில் அல்ல, அதன் நீட்டத்தில் இருந்தது. தொலைபேசி எடுக்கும் முருகம்மாள் 'வருது' என்று வெட்டினால் மாலைக்குள் லோடு இறங்கும். 'வருதூ' என்று இழுத்தால் அடுத்த சீசன். இழுத்து முடிப்பதற்குள் அவள் ஒரு மிடறு தண்ணீரும் குடித்துவிட்டாளெனில், அந்தச் சரக்கை மறந்துவிடுவதே நல்லது.

கீர்த்திகாவுக்கு இந்த இலக்கணம் தெரியாது. ஏஜெண்டுகள் சரக்கிருப்பைக் கைபேசியில் பார்த்துக்கொள்வதற்கான ஜாவா மென்பொருளை நிறுவ, விருதுநகரிலிருந்த சிறிய நிறுவனம் அவளைச் சிவகாசிக்கு அனுப்பியிருந்தது. தங்கப்பாண்டியன் 'திருப்தி' என்று கையெழுத்திட்டால் அவள் வேலை நிரந்தரம்; மறுத்தால் அம்மாதத்தோடு வீடு.

"சர்வர் எங்கன தாயி? அதுக்குன்னு ஏசி ரூம் கட்டிப் போட்டிருக்கேன்," என்றார் தங்கப்பாண்டியன்.

"தனிப் பெட்டியெல்லாம் வேணாம் அண்ணாச்சி. சர்வர் அப்ளிகேஷனுக்குள்ளயே இருக்கு. இந்த கம்ப்யூட்டர்லயே ஓடும்."

"அப்ப ஏசி ரூமு?"

"நீங்க உக்காந்துக்கோங்க."

மென்பொருளின் வயிற்றுக்குள்ளேயே சர்வர் இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. வெளியாரின் சர்வர் என்றால் 'அவர்கள் மாற்றவிட மாட்டார்கள்' என்று கைகழுவலாம். இங்கே எல்லாம் அவள் கையில். சர்வரின் வாசல் எண் 8080 என்றறிந்ததும், "எட்டு சனியோட நம்பராச்சே" என்று அண்ணாச்சி பதறினார்; ஒரு வரியை மாற்றி 9090 ஆக்கினாள். அன்றிலிருந்து அவளால் ஆகாதது எதுவுமில்லை என்று அவர் நம்பத் தொடங்கினார்.

சோதனையின்போது அவர், தயாரிப்பு என்றோ நின்றுபோன 'மயில்தோகை' வாணத்தைத் தேடினார். கேட்ட பக்கம் கிடைக்காவிட்டால் சர்வர்கள் சொல்லும் 404 என்ற எண் திரையில் எழுந்தது. அதன்கீழே, கீர்த்திகா பெருமையோடு தமிழாக்கியிருந்த வாக்கியம்: 'நீங்கள் தேடியது இல்லை.'

முருகம்மாள் குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தாள்.

"என்ன தாயி, கடைக்குள்ளயே வந்து இந்தப் பேச்சு பேசுது?" என்றார் அண்ணாச்சி.

"அது எர்ரர் பேஜ், அண்ணாச்சி."

"யாராயிருந்தா என்ன. வருதுன்னு சொல்லச் சொல்லு."

404 எழும்போதெல்லாம் 'வருது' என்ற பக்கத்தைக் காட்டும்படி அமைக்க நான்கு வரிகள் போதுமாயிருந்தன.

செய்தி பரவியது. எதிர்க்கடைக்காரர்கள் இணைய முகவரியின் இறுதியில் வாய்க்கு வந்ததையெல்லாம் தட்டிப் பார்த்தார்கள். 'புகையில்லாத சரவெடி': வருது. 'ஆனைக்குட்டம் அணையில் கடல்': வருது. 'மாரிசாமிக்குப் பெண்': வருது. எதிர்க்கடைக் கணக்கர் மாரிசாமி இந்தக் கடைசிப் பக்கத்தைத் தம் தாயாரிடம் காட்டி ஆறுதல் சொன்னதாகவும் கேள்வி.

கீர்த்திகாவின் 'திருப்தி'ப் படிவத்தைக் கையெழுத்திட அண்ணாச்சி வெளியே எடுத்த காலையில் முத்துராமலிங்கம் வந்து நின்றார். அருப்புக்கோட்டைப் பக்கத்தில் கோயில் பொங்கலுக்கு வாணம் எடுத்துக் கொடுப்பவர்.

"நானும் தெனமும் பாக்கேன், மயில்தோகை வருது வருதுங்குது. நாளைக்குப் பொங்கல். எங்கன வந்துக்கிட்டிருக்கு? ஏழாயிரம்பண்ணையத் தாண்டிருச்சா?"

முருகம்மாள் தொண்டையைச் செருமினாள். "வருதூஊஊஊ…"

அவர் முகம் இருண்டது. "இம்புட்டு நீளமாவா? இத உங்க கம்ப்யூட்டரு சொல்லியிருந்தா நான் அன்னைக்கே வேற கம்பெனி பாத்திருப்பேன்ல!"

"பாத்தியா தாயி," அண்ணாச்சி கீர்த்திகாவிடம் திரும்பினார். "உன் சர்வருக்கு இழுக்கத் தெரியல. இல்லா… அந்த வார்த்தையச் சொல்லாமலே அந்த வார்த்த புரியணும். இழுக்க வையி, கையெழுத்துப் போட்டுருதேன்." பேனாவின் மூடியும் திறந்தாயிற்று.

செய்யுளில் ஓசை குறைந்தால் நிறைக்க வருவது அளபெடை. சரக்குக் குறைந்ததை நிறைக்க அதை வரவழைத்தாள் கீர்த்திகா: 'வருதூஉஉ'.

முத்துராமலிங்கம் தம் கைபேசியில் பார்த்தார். "இது என்ன, என் போனு கெட்டுப் போச்சா?"

"இன்னுங் கொஞ்சம் இழு தாயி."

'வருதூஉஉஉஉஉஉஉஉ'. சொல்லின் வால் இரண்டாம் வரிக்கு இறங்கியது.

"இழுவையெல்லாம் இருக்கட்டும், ஊர்ல போயி இழுத்துக் காட்ட முடியாது," என்றார் முத்துராமலிங்கம். "இப்பவே வேற எடம் ஓடுனாத்தான் எனக்கு வாணம் கெடைக்கும். ஊர்ல நான் தல நிமிந்து நடக்கணும். யாராவது ஒரே வார்த்தையில சொல்லுங்க. மயில்தோகை இருக்கா?"

அலுவலகம் முழுவதும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தது. முருகம்மாள் தண்ணீர்ச் செம்புக்குக் கை நீட்டினாள். படிவத்தின்மீது பேனாவை ஊன்றியிருந்த தங்கப்பாண்டியன், 'வருது' என்று சொல்லும்படி கீர்த்திகாவுக்குப் புருவத்தால் சாடை காட்டினார்.

அவள் பேனாவைப் பார்த்தாள். பிறகு முத்துராமலிங்கத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லைங்கய்யா," என்றாள், எதிர்க்கடைக்கும் கேட்கும்படி, ஒரு மாத்திரையும் நீட்டாமல். "மயில்தோகை இல்லை."