உபவாச ஞாயிற்றில் எரிந்த நெஞ்சு

கட்டார் நாட்டு வேலைக்குப் போவதா வேண்டாமா என்று ஜொய்சன் அன்று மாலைக்குள் ஏஜென்டிடம் சொல்லியாக வேண்டும். முடிவு சரியென்றால் ஆண்டவர் நெஞ்சைச் சூடாக்குவார் என்று மோர்மன் சபையில் கற்றிருந்தான். மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால் சபை வழக்கப்படி அன்று உபவாசம். வாவிக்கரையில் முழங்காலிட்டு, "போகட்டா ஆண்டவரே?" என்று கேட்டான். நெஞ்சு எரிந்தது.

மனைவி மேர்லினிடம் ஓடிவந்து சொன்னான்.

"பசி கிடந்தா உங்களுக்கு எப்பவும் நெஞ்சு எரியிறதுதானே. போகாம நிக்கட்டா எண்டும் கேட்டுப் பாருங்க," என்றாள்.

கேட்டான். அதற்கும் எரிந்தது.

மாலையில் உபவாசம் முடித்துச் சோறு தின்றதும் எரிவு அடங்கிவிட்டது. மறுபடி முழங்காலிட்டான். ஒன்றுமே வரவில்லை. அதற்குள் ஏஜென்டின் போன் அடித்தது.

"நான் வரல்ல அண்ணன்," என்று சொல்லிவிட்டு நெஞ்சில் கைவைத்துக் காத்திருந்தான். வயிறு நிறைந்திருந்தது, அவ்வளவுதான்.