லேப்டாப்புக்குப் பின்னால் ஒரு முகம்

"எல்லாரும் கேமராவை ஆன் பண்ணணுமாம்!" என்று கணவன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "புரோகிராம் எழுதறவன் முகத்தைப் பாத்தாத்தான் மருந்துக் கிடங்குக்காரங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பாங்களாம். இன்னைக்குக் காலையிலேயே கூட்டம்."

அவள் கையிலிருந்த கரண்டி நழுவிச் சட்டிக்குள் விழுந்தது.

மருந்துக் கிடங்குகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. வீட்டு முன்னறைதான் ஆபீஸ். கணவன் முதலாளி. கொழுந்தன் எடுபிடி. வேலையைப் பிரித்துக் கொடுத்துச் சரிபார்ப்பவள் அவள். ஆனால் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவனோ ஆப்பிரிக்காவில் தன் வீட்டில் இருந்தான். பேட்டி கண்டு அவனை எடுத்தவள் அவள்தான். கொழுந்தன் 'அண்ணி' என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவனும் அவளை 'அண்ணி' என்றே அழைக்கப் பழகிவிட்டான்.

வாடிக்கையாளருக்கு மட்டும் இது தெரியாது. கணவன் அவனுக்கு நம்மூர்ப் பெயர் ஒன்றை மாட்டிவிட்டிருந்தான். கூட்டங்களில் ஆங்கிலத்தில் அவன் குரல் மட்டும் வரும். "ஆப்பிரிக்காக்காரன் எழுதினதுன்னு தெரிஞ்சா நம்மள மதிப்பானுங்களா?" என்பான்.

சொல்கிறவன் யார் தெரியுமா? தொழில் தொடங்கிய புதிதில், 'உங்கள் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை' என்று ஒரு வெள்ளைக்காரன் சிரித்ததற்காகத் தனக்கே ஓர் அந்நியப் பெயரைச் சூட்டிக்கொண்டு, அன்று முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தவன்! இன்றும் வாடிக்கையாளர்களுக்கு அவன் அந்தப் பெயர்தான். பட்ட அவமானத்தை மறந்தானா? மறக்கவில்லை. பத்திரமாக வைத்திருந்து அடுத்தவன் தலையில் கட்டினான். நம் ஆட்களுக்கு இது கைவந்த கலை.

"தம்பி கேமரா முன்னாடி உக்காந்து வாயசைக்கட்டும். ஆப்பிரிக்காக்காரன் போன்ல பேசட்டும். போனை லேப்டாப்புக்குப் பின்னாடி மறைச்சு வெச்சுடலாம். நீயே அவன்கிட்ட சொல்லிடு."

"நான் மாட்டேங்க. மாட்டிக்கிட்டா என்ன ஆகும்?"

"சொல்லலைன்னா இன்னையோட அவனை நிறுத்திடறேன். அவன் பொழப்புல மண்ணைப் போட்டது நீதான்னு வெச்சுக்கோ."

அவள் போனை எடுத்தாள். திரையில் அவன் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பின்னால் அவன் அம்மா ஜன்னல் திரையை இழுத்து இழுத்துச் சரிசெய்து கொண்டிருந்தாள்.

"அண்ணி! மெயில் பாத்தேன். இன்னைக்குக் கேமரா உண்டாமே! அம்மாதான் சட்டையைத் தேச்சுக் குடுத்தாங்க" என்றான். பேசியது ஆங்கிலம்தான். 'அண்ணி' மட்டும் நம்முடையது.

அவள் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"சரி அண்ணி. குரல் போதும்னா குரல் மட்டும் வரட்டும்."

அவன் அம்மாவுக்கு விஷயம் தெரியாது. இன்னும் ஜன்னல் திரையைச் சரிசெய்து கொண்டிருந்தாள். இவள் கல்யாணமாகி வந்த புதிதில், 'பொண்ணு நிறம் கம்மிதான்' என்று இதே முன்னறையில் முணுமுணுத்தார்கள். இன்று அதையே தன் வாயால் ஒருத்தனிடம் சொல்லியாகிவிட்டது. சீ!

கூட்டம் தொடங்கியது. வாடிக்கையாளர் பக்கத்து மேலாளர் அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். கொழுந்தனுக்கு வியர்த்துக் கொட்டியது. "அண்ணி, எனக்குப் பயமா இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு வாயசைக்க ஆரம்பித்தான். பின்னாலிருந்து குரல் நிதானமாக வந்தது. மருந்து காலாவதியாகும் முன்பே எச்சரிக்கை எப்படி வரும் என்று விளக்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் கொழுந்தன் தும்மினான். ஒன்று, இரண்டு, அடக்க அடக்க மூன்றாவது. குரல் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது.

"தும்மிக்கிட்டே இவ்வளவு தெளிவாப் பேசறாரே!" என்றாள் மேலாளர்.

"லைன்ல ஏதோ கோளாறுங்க" என்று கணவன் இளித்தான்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "அங்க யார் யார் சொந்த முகத்தோட, சொந்தப் பேரோட உக்காந்திருக்கீங்க?"

கணவன் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தான். போனைக் கட் பண்ணு என்று கண்ணால் மிரட்டினான். கட் பண்ணினால் போனில் இருப்பவன் கதை அதோடு முடிந்தது. கட் பண்ணாவிட்டால் இந்த வீட்டின் கதை.

லேப்டாப்புக்குப் பின்னால் கையை விட்டுப் போனை எடுத்தாள். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் அவன் கேமராவை அணைத்திருக்கவில்லை. அதே வெள்ளைச் சட்டையில், நிமிர்ந்து உட்கார்ந்து, லேப்டாப்பின் முதுகைப் பார்த்துத்தான் இவ்வளவு நேரமும் பேசியிருந்தான். போனைத் திருப்பி எல்லாரும் பார்க்கும்படி பிடித்தாள்.

"இவர்தான் எழுதினவர். ஆரம்பத்துலேர்ந்து இவர்தான்."

அவன் ஒரு கணம் திகைத்தான். பிறகு தன் சொந்தப் பெயரைச் சொன்னான். மேலாளர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். முதல்முறை வரவில்லை. மறுபடி கேட்டுச் சரியாகச் சொன்னாள்.

"ஒப்பந்தத்தைப் பத்தி இப்ப என்னால எதுவும் சொல்ல முடியாது" என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "உங்க பேரு, சார்? நிஜப் பேரு?"

கணவன் மனைவியைப் பார்த்தான். அவள் போனைக் கீழே வைக்கவில்லை.

"சொல்லுங்க" என்றாள்.

அவன் வாய் அசைந்தது. குரல் வரவில்லை.