அரம் போட்ட மெமரி

என் அப்பா மூன்று வருடங்களாக என்னோடு பேசவில்லை. அம்மா பேசுவாள். அப்பா பக்கத்தில் இருக்கும்போது நான் போன் செய்தால் "ராங் நம்பர்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அந்த ராங் நம்பரிடம் அரைமணி நேரம் உடம்பு எப்படி, வியாபாரம் எப்படி, காலையில் சாப்பிட்டாயா என்று விசாரிப்பாள். நான் செய்த குற்றம், அப்பா பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டு நானே ஒருவரைப் பார்த்துக்கொண்டது. "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காத" என்றார். நானும் அவர் மகள்தானே, "நீங்களா கூப்பிடாம வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. வாய் முந்திக்கொண்டது. அந்த ஒரு அழைப்புக்காக மூன்று வருடமாக ஏங்கிக்கொண்டிருக்கிறேன். வெளியே காட்டிக்கொள்வதில்லை.

நானும் என் கணவரும் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிறோம். கேம் ஆடுகிறவர்கள் கேட்கிறபடி புதுக் கம்ப்யூட்டர் பூட்டியும் தருவோம். கவுண்ட்டர் என்னுடையது, பின்னறை அவருடையது. அவர் சாந்தமான மனிதர். வாடிக்கையாளர்களைத் திட்டுவது என் பொறுப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அப்பா உள்ளே வந்தார். இரண்டு கையிலும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. கவுண்ட்டர்மேல் வைத்தார். என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் இருந்த விலைப்பட்டியலைப் பார்த்தார்.

"மேடம், மெமரி வேணும்."

மேடமாம்! பெற்ற அப்பன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உக்காருங்க சார்," என்றேன்.

உட்கார்ந்தார். பெட்டியைப் பிரித்தேன். உள்ளே ஒரு கேபினெட், அதற்குள் மதர்போர்டு, பெரிய விசிறி வைத்த கூலர், எல்லாம் கச்சிதமாகப் பூட்டப்பட்டிருந்தன. ஒயர்களை நூல் பிடித்தாற்போலக் கட்டியிருந்தார். அப்பா முப்பத்தைந்து வருடம் இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அங்கே அவருக்கு மைக்ரோமீட்டர் என்றே பெயர். ரிட்டயர் ஆனபிறகு நண்பர் வீட்டில் லாரி ஓட்டும் கேம் ஒன்றைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி கம்ப்யூட்டரைத் தானே செய்யப்போகிறேன் என்று கிளம்பியிருக்கிறார் என்பதை ராங் நம்பர் வழியாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

"என்ன பிரச்சினை சார்?"

"ஓடல."

மெமரிக் குச்சிகள் இரண்டையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். குச்சியின் அடியில் தங்க நிறப் பற்கள் வரிசையாக இருக்கும், நடுவில் ஒரு வெட்டு இருக்கும். போர்டில் மெமரி உட்காரும் ஸ்லாட்டில் ஒரு மேடு இருக்கும். மேடும் வெட்டும் ஒத்துப்போனால்தான் குச்சி உள்ளே போகும். தப்பான மெமரியை யாரும் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாடு அது. அப்பா கொண்டுவந்த குச்சிகளில் ஆளுக்கு இரண்டு வெட்டு இருந்தது. இரண்டாவது வெட்டு முதலாவதைவிட அழகாக இருந்தது.

"இது என்ன?"

"சில மில்லிமீட்டர் தள்ளி இருந்துச்சு. ஊசி அரம் போட்டு ராவிட்டேன்."

"ராவினீங்களா?"

"பிசிறு இல்லாம."

நான் கண்ணை மூடித் திறந்தேன். "இது நாலாவது தலைமுறை மெமரி. போர்டு அஞ்சாவது தலைமுறைக்கானது."

"நாலுக்கும் அஞ்சுக்கும் ஒண்ணுதானே வித்தியாசம்."

"கரண்ட் வர்ற விதமே வேற. பல்லையும் நாலஞ்சு ராவித் தள்ளிட்டீங்க. ஸ்விட்ச் போட்டீங்களா?"

"போட்டேன்."

"என்ன ஆச்சு?"

"ஒரு வாசனை வந்துச்சு."

குச்சியில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. நல்லவேளை, எங்கள் சோதனைக் குச்சியைப் போட்டுப் பார்த்ததில் போர்டு தப்பியிருந்தது. போர்டின் மேலேயே, கண் தெரியாதவர்கூடத் தடவிப் படிக்கும் அளவில், எந்த மெமரி வேண்டும் என்று அச்சடித்திருந்தது. அதைக் காட்டினேன்.

"வரைபடத்துல ஒரு கோடு கூடினாக்கூட கண்டுபிடிக்கிற ஆளு. இதைப் படிக்கலையா?"

"படிச்சேன். மாட்டுறதுக்கு முன்னாடியே."

"அப்புறம் எதுக்கு ராவினீங்க?"

அப்பா விலைப்பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய குச்சி ஃப்ரெண்டு குடுத்தது. பொருந்தலைன்னா புதுசு வாங்கணும். இந்த ஊர்ல இந்த மெமரி இங்க மட்டும்தான் கிடைக்குதாம். மூணு வாரம் ராவிப் பாத்தேன்."

மூன்று வாரம். என் கடைக்கு வராமல் இருப்பதற்காக மனிதர் மூன்று வாரம் அரம் தேய்த்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தை மறைப்பதற்காக அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மெமரியில் மலிவு பார்க்கக் கூடாது, ஆடம்பரமும் பார்க்கக் கூடாது. போர்டு தயாரித்தவர்கள் எதெதைப் போட்டுச் சோதித்தார்கள் என்று ஒரு பட்டியல் தருவார்கள், அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு குச்சியும் ஒரே பெட்டியில் ஜோடியாக வந்ததாக இருக்க வேண்டும். பட்டியலைப் பார்த்து, இருப்பதிலேயே நல்லதாக ஒரு ஜோடியை எடுத்து வைத்தேன். தலையில் உயரமான அலுமினியக் கவசம், பளபளவென்று விளக்கு.

அப்பா சட்டைப்பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தார். வெளியே கிளம்பினால் மற்றவர்கள் மூக்குக்கண்ணாடி எடுத்துக்கொள்வார்கள், இவர் வெர்னியர் எடுத்துக்கொள்வார். குச்சியின் உயரத்தை அளந்தார். கேபினெட்டுக்குள் குனிந்து ஸ்லாட்டுக்கும் விசிறிக்கும் இடையே அளந்தார்.

"இது உள்ள போகாது."

"போகும். குச்சி உயரம் நாற்பத்திநாலு மில்லிமீட்டர். கூலர் பேப்பர்ல நாற்பத்தஞ்சு வரைக்கும் போகும்னு போட்டிருக்கான்."

"விசிறியை மேல தூக்கி மாட்டினா நாற்பத்தஞ்சு. தூக்கி மாட்டினா பக்கத்து மூடி மூடாது. பேப்பர் எழுதினவன் மூடியைப் போட்டுப் பாத்தானா?"

"நாங்க தினம் நாலு கம்ப்யூட்டர் பூட்டறோம் சார்."

"பூட்டு. நாப்பது புள்ளி ஆறுதான் இருக்கு. நீ சின்ன வயசுலயும் இப்படித்தான், ஸ்கேலைச் சாய்ச்சுப் பிடிச்சுட்டு என்கிட்டயே சண்டைக்கு வருவ!"

"அளக்காமலே நான் தப்புன்னு முடிவு பண்றது நீங்க!"

"அளந்துட்டுத்தாண்டி சொல்றேன்!"

கோபத்தில் மேடம் காணாமல் போயிருந்தாள். நான் கவனித்தேன், அவர் கவனிக்கவில்லை. பின்னறையில் ஓடிக்கொண்டிருந்த ட்ரில்லும் நின்றது.

குச்சியை மாட்டிப் பார்த்தேன். விசிறி இடித்தது. மூன்று புள்ளி நான்கு மில்லிமீட்டர் பிரச்சினை. அவர் வெர்னியரை மெதுவாகத் துடைத்தார். அதற்கு "நான்தான் சொன்னேனே" என்று சொல்லியே தொலைத்திருக்கலாம்.

கவசம் குட்டையான ஜோடி ஒன்றை எடுத்தேன். விளக்கு இல்லை, வேகம் அதே. அதுவும் பட்டியலில் இருந்தது. அப்பா அளந்து, "முப்பத்திமூணு. சரி," என்றார். அவரே உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கக் கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, குச்சியை ஸ்லாட்டில் வைத்து இரண்டு முனையையும் கட்டைவிரலால் அமுக்கினார். டக், டக். அரம் தேவைப்படவில்லை.

கடை மானிட்டரை இணைத்து ஸ்விட்ச் போட்டேன். விசிறிகள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது. அரை நிமிடம்தான் பொறுத்தார், கை பொத்தானுக்குப் போனது. பட்டென்று அந்தக் கைமேல் ஒன்று போட்டேன்.

"தொடாதீங்க. புது மெமரி போட்டா முதல் தடவை போர்டு அதை ஒவ்வொண்ணா சோதிச்சுப் பாக்கும். பத்து நிமிஷம்கூட ஆகும். செத்துப்போச்சுன்னு நினைச்சு பாதிப் பேர் அணைச்சிடுவாங்க. அணைச்சா மறுபடி முதல்லேர்ந்து."

"பத்து நிமிஷம் என்ன பண்றது?"

"உக்காந்திருக்கணும்."

உட்கார்ந்திருந்தோம். கறுப்புத் திரையில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம். இருவருக்கும் ஒரே மூக்கு.

"உங்கம்மாகிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டேன்," என்றார் திடீரென்று. "அந்த ராங் நம்பர் கூப்பிட்டா ஸ்பீக்கர்ல போடுன்னு. அவ சொல்றது மட்டும்தான் கேக்குது, அந்தப் பக்கம் என்ன பேசறாங்கன்னே தெரியல."

நான் துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கவுண்ட்டரைத் துடைத்தேன். ஏழாவது நிமிடத்தில் திரை வெளிச்சமானது. மெமரி முப்பத்திரண்டு ஜிபி, முழு வேகம், பிழை எதுவும் இல்லை. அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லா எண்களையும் ஒன்றுவிடாமல் படித்தார்.

வேலை முடிந்துவிட்டது. இனி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். எப்படியாவது இன்னும் ஐந்து நிமிடம் பிடித்து வைக்க வேண்டும் என்று கடைக்காரிப் பேச்சையே எடுத்தேன்.

"இது சூடாகும். ரெண்டு பக்கமும் காத்து வர இடம் விடணும். மேசை எவ்வளவு அகலம்?"

"நானூத்தி எண்பது மில்லிமீட்டர். நானே அடிச்சேன்."

"அது மேசையா, முக்காலியா? கீபோர்டு வெச்சாலே முடிஞ்சுபோச்சே! எந்த ரூம்ல போட்டிருக்கீங்க?"

"உன் ரூம்ல."

"அது எவ்வளவு பெரிய ரூம்!"

"கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல ஐநூறுதான் இருக்கு."

"கட்டிலை எடுத்துட்டுப் பெரிய மேசையா போட்டிருக்கலாமே. சும்மாதானே கிடக்குது."

அப்பா முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். புத்தி கெட்டவளைப் பார்க்கிற பார்வை.

"எடுத்துட்டா, நீ வந்தா எங்க படுப்ப?"

கடையில் அழக் கூடாது என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். போயிற்று. கவுண்ட்டர்மேல் கவிழ்ந்து, விக்கி விக்கி, மூக்கு ஒழுக அழுதேன்.

"இப்ப எதுக்கு அழற?" என்று அப்பா பதறினார். "மேசையைப் பத்து மில்லிமீட்டர் வேணா கூட்டலாம்."

சத்தம் கேட்டு என் கணவர் திருப்புளியும் கையுமாகப் பின்னறையிலிருந்து ஓடிவந்து, அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அப்பா அவரை உச்சியிலிருந்து பாதம்வரை ஒருமுறை பார்த்தார், மறுபடி பாதத்திலிருந்து உச்சிவரை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு பழுதைப் பதிவு செய்கிற குரலில் சொன்னார்:

"மாப்பிள்ளைக்குக் கட்டில் நீளம் பத்தாது. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா, படுக்க வெச்சு அளந்துடறேன்."