மூன்று மத்தியானங்கள்

"அப்பா, அவருக்கு நீங்கள் டங்கே சொன்னனீங்களோ?"

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரப் பாலர் பள்ளியில் 'டங்கே' என்று நன்றி சொல்லப் பழகியிருந்த ஆறு வயதில் மகள் ஆதிரை கேட்டது அது. தன் உயிரைக் காத்தவருக்கு உருத்திரமூர்த்தி அதைச் சொல்லவேயில்லை.

எண்பத்திமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்போது அவர் மாத்தறைப் பக்கம் ஒரு கடையில் வேலையாக இருந்தார். கடை எரிந்தது. கடற்கரையோரம் ஒரு சிறிய விகாரை. அங்கே தனியாக இருந்த பிக்கு அவரை மூன்று நாள் தன் அறையில் ஒளித்து வைத்தார். மத்தியானம் ஊரார் கொண்டுவந்து கொடுக்கும் சோற்றை அப்படியே அவர் முன்னால் வைப்பார். "நீங்கள்?" என்று கேட்டால், "பிறகு" என்று கையசைப்பார். நாலாம் நாள் விடிய முன் அவரைக் கொண்டுபோக ஒரு லொறி வந்தது. ஏறியவர் திரும்பிப் பார்க்கவும் நேரம் இருக்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில், சண்டை ஓய்ந்திருந்த காலத்தில், அவரும் மனைவி கமலநாயகியும் இலங்கைக்குப் போனார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் விடியற்காலை எழுந்து கமலநாயகி அந்தப் பிக்குவுக்கென்று சோறும் ஐந்து மரக்கறியும் சமைத்தாள். ஊர்க் கோயில்களில் மத்தியானப் பூசை முடிந்துதான் அன்னதானம். அந்தக் கணக்கிலேயே ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் சரியென்று, வழியில் இரண்டு இடத்தில் வான் வண்டியை நிறுத்தித் தேநீர் குடிக்க வைத்தார் உருத்திரமூர்த்தி.

விகாரையில் ஆளரவம் இல்லை. வெள்ளை மணல் முற்றம், அதற்கப்பால் கடல். செருப்பைக் கழற்றி நின்றவர்களிடம் இளம் பிக்கு ஒருவர் வந்தார். வந்த காரணத்தை உருத்திரமூர்த்தி தெரிந்த சிங்களத்தில் சொன்னார்.

"பெரியவர் காலமாகி இரண்டு வருடம்" என்றார் பிக்கு மெதுவாக.

உருத்திரமூர்த்தி சோற்றுப் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றார். கடைசியில், "அப்படியென்றால் நீங்களாவது சாப்பிடுங்கோ" என்று நீட்டினார்.

பிக்கு சிரித்தார். "பன்னிரண்டு மணி தாண்டிவிட்டதே. மத்தியானத்துக்குப் பிறகு நாங்கள் சாப்பிடுவதில்லை. பின்னால் கிணறு இறைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுங்கள்."

"பாத்தீங்களே" என்று கமலநாயகி காதருகே முணுமுணுத்தாள். "ஜேர்மன்காரன் மாதிரி டெர்மின் எண்டு நேரம் குறிச்சு வந்தீங்கள். ரெண்டு தேத்தண்ணியாலை வந்த வினை."

அவர் அதைக் கேட்கவில்லை. "பின்னேரமும் இல்லையோ?" என்றார் பிக்குவிடம்.

"இல்லை. அடுத்த நாள் காலைக் கஞ்சிதான்."

"பெரியவரும் அப்படித்தானோ?"

"வருத்தத்தில் படுத்திருந்தபோதும் அவர் அதை விடவில்லை."

உருத்திரமூர்த்தி படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்று அசைந்த அந்தக் கைக்குப் பிறகு, அடுத்த நாள் காலைக் கஞ்சி வரை எதுவுமே இருந்ததில்லை. இருபது வருடமாக, தன்னைப் படுக்கவைத்துவிட்டு அவர் இரவில் சாப்பிட்டிருப்பார் என்றே நம்பியிருந்தார்.

"என்னப்பா, தலை சுத்துதோ?" என்றாள் கமலநாயகி.

"இல்லை. நீர் போய் அந்த ஆக்களுக்குச் சோத்தைக் குடும். நான் கொஞ்சம் இருக்கிறன்."

உள்ளே புத்தர் சிலைக்கு முன்னால் போய்க் கைகூப்பினார். நன்றி என்ற சொல் வாயில் வந்தது. சொன்னால் அது போதாது போலவும் இருந்தது. சொல்லாமலே வெளியே வந்தார்.

ஜேர்மனிக்குத் திரும்பி வேலைக்குப் போன முதல் கிழமை. அவர் வேலை செய்த களஞ்சியத்தில் பென்ஜமின் என்ற கானா நாட்டுக்காரர் புதிதாகச் சேர்ந்திருந்தார். முதல் சம்பளம் வர இன்னும் நாள் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் பொதி அவிழ்க்க, அந்த மனிதர் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே போய் நிற்பார். கேட்டவர்களிடம், "பிறகு சாப்பிடுவேன்" என்பார்.

செவ்வாய்க்கிழமை உருத்திரமூர்த்தி மற்றவர்களுக்கு முன்னால் உடைமாற்றும் அறைக்குள் போனார். கமலநாயகி கட்டித்தந்த ரொட்டியும் சம்பலும் வெள்ளித்தாளில் இருந்தன. அதன்மேல் பென்ஜமின் என்று பெரிய எழுத்தில் எழுதி, அந்த மனிதரின் பைக்குள் வைத்தார். பிறகு சாமான் பெட்டிகளை எண்ணப்போவதாகச் சொல்லிவிட்டு, அந்த அரை மணியும் களஞ்சியத்தின் கடைசிக் கோடியில் நின்றார்.

புதன்கிழமையும் வைத்தார். வீட்டில், "சம்பல் உறைச்சதோ?" என்று கமலநாயகி கேட்டாள். "அளவாய்த்தான் இருந்தது" என்றார்.

வியாழக்கிழமை உடைமாற்றும் அறையில் யாரும் இல்லை. பொதியை வைத்து, பையின் வாரை முன்பிருந்தபடியே கட்டிவிட்டு, உருத்திரமூர்த்தி பெட்டிகளை எண்ணப் போனார்.